பிறர் தலையில் இறக்கும் ஆபத்து

தென்துருவக் கண்டத்தின் செங்குத்துப் பாறைச் சுவர்களில் ஏறத் திட்டமிடுவது குற்றமில்லை. அந்த ஆசையைக் கிறுக்கு என்று ஒதுக்கித் தள்ளுவதிலும் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பயணத்தின் ஆபத்தை ஒரு விமானியின் தலையிலும், ஆய்வு நிலைய மருத்துவர் ஒருவரின் தலையிலும், ஊரில் காத்திருக்கும் தாயின் தலையிலும் அவர்களைக் கேட்காமலே இறக்கிவிட்டுப் புகழை மட்டும் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் திட்டம் குற்றம். சட்டப் புத்தகம் என்ன சொன்னாலும், அறத்தின் கணக்கில் அது குற்றமே.

இப்போது இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2023 மே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த முத்தமிழ்ச்செல்வியும், கோவளத்து அலைச்சறுக்கு வீரர் ராஜசேகர் பச்சையும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். மலையேற்றம் என்றால் வெள்ளியங்கிரியும் பர்வதமலையும்தான் என்றிருந்த தமிழ்நாட்டில் அது பெரிய செய்தி. அவர்களைப் பார்த்துக் கயிறு பிடிக்கப் பழகும் பிள்ளைகள் அடுத்து எங்கே கண் வைப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ஏழு கண்டங்களின் உச்சிகள் என்ற பட்டியலில் தென்துருவத்தின் வின்சன் சிகரம் இருக்கிறது. அதற்கும் அப்பால், நடந்து ஏற முடியாத, நாள்கணக்கில் கயிற்றிலேயே தொங்கி ஏற வேண்டிய பாறைச் சுவர்கள் இருக்கின்றன. அந்தத் திட்டங்கள் நம் ஊரிலும் தீட்டப்படும் நாள் தொலைவில் இல்லை. போனபின் குறை சொல்வதைவிடப் போகுமுன் சொல்வதே நியாயம்.

பெருஞ்சுவர் ஏற்றக்காரர்கள் உலகெங்கும் பெருமூச்சுடன் பேசும் இடம் அந்தக் கண்டத்தின் குயின் மாட் லேண்ட். அங்கே உல்வெட்டானா என்ற சிகரம் சுமார் 2,930 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் வடமேற்கு முகம் பனிச் சமவெளியிலிருந்து கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் நேராக எழுகிறது. 1994இல் நார்வேக்காரர்கள் முதன்முதலில் அதன் உச்சியை அடைந்தார்கள். 2008இல் ஜெர்மனியின் ஹூபர் சகோதரர்களும் சுவிட்சர்லாந்தின் ஸ்டெஃபான் சீக்ரிஸ்டும், 2013 தொடக்கத்தில் பிரிட்டனின் லியோ ஹோல்டிங் குழுவும் புதுப் பாதைகளில் ஏறினார்கள். அந்தச் சிகரத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் 1989 முதல் இயங்கிவருகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கேப்டவுனிலிருந்து புறப்படும் ஐல்யூஷின் சரக்கு விமானம் ஐந்தாறு மணி நேரத்தில் நோவோ என்ற பனி ஓடுதளத்தில் இறங்குகிறது. மலையேறிகளும் அதில் வருகிறார்கள், மைத்ரிக்குப் போகும் நம் விஞ்ஞானிகளும் அதில் வருகிறார்கள். ஆகவே அந்தச் சுவர்களில் ஒருவர் கால் வழுக்கினால், உதவி கேட்கும் குரல் போய்ச் சேரும் கதவுகளில் ஒன்று இந்தியாவின் கதவு.

அந்தச் சுவரில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்தால்தான் திட்டம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன எடை என்பது புரியும். கோடையிலும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருபது, முப்பது டிகிரிக்குப் போகும். சூரியன் மறைவதே இல்லை, ஆனால் சுவரைச் சுற்றி வருகிறது. அது முகத்தில் விழும் சில மணி நேரத்தில்தான் விரலில் உணர்வு இருக்கும். நிழல் வந்ததும் ஏறுபவர் ஆணியடித்துத் தொங்கவிட்ட துணிக் கட்டிலுக்குள் ஒடுங்கிவிட வேண்டும். உணவு, எரிபொருள், கயிறு, மாற்றுக் கையுறை எல்லாம் பெரிய மூட்டைகளாகக் கீழே தொங்கும். ஏறிய தூரம் முழுக்க அவற்றைக் கப்பியில் இழுத்தாக வேண்டும். கையுறையைக் கழற்றி ஒரு முடிச்சுப் போடும் அந்தச் சில நொடிகளில் விரல் நுனி வெளுக்கத் தொடங்கும். கீழே விழுந்த பொருள் போனதுதான், எடுத்துவர ஆள் இல்லை. அடுப்பு விழுந்தால் தண்ணீரும் போயிற்று. சுற்றிலும் உலகின் நன்னீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாகக் கிடக்க, உருக்க நெருப்பில்லாமல் மனிதன் தாகத்தில் கிடப்பான்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு லிட்டருக்கும் எரிபொருள் வேண்டும். எத்தனை பேர், எத்தனை நாள், புயலில் முடங்கும் நாள் எத்தனை என்று பெருக்கினால் வருவதுதான் அந்தப் பயணத்தின் உண்மையான உயரம். இந்த இடத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த நம் கூரத்துக்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியது ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, இங்கே எழுப்பப்பட்ட கற்றளிக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. போர் வெற்றியைப் பெருமையாகப் பாடிவிட்டு, அதே செப்பேடு கீழிறங்கி வந்து, பாலாற்றிலிருந்து ஏரிக்குக் கால் வெட்டியதைச் சொல்கிறது. மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்குப் பங்கு ஒதுக்குகிறது. அந்த மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைப்பதற்கும் தனியாகப் பங்கு ஒதுக்குகிறது. கோயிலுக்கு நிலம் கொடுத்த மன்னன், பத்து ஆண்டு கழித்துக் குடத்தில் தண்ணீர் யார் நிரப்புவார் என்று யோசித்திருக்கிறான். பெரிய காரியம் செய்யக் கிளம்புகிறவர் எந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டுக் கையேடு வேண்டாம்.

தண்ணீரையும் தீயையும் இப்படி இழுத்துப் பேசுவதற்கு வேதனையான காரணம் ஒன்று உண்டு. 1990 ஜனவரியில், இந்தியாவின் ஒன்பதாவது அண்டார்க்டிகா பயணக் குழுவைச் சேர்ந்த நான்கு பேர், மைத்ரிக்குத் தெற்கே ஹம்போல்ட் மலைப் பகுதி முகாமில் இறந்துபோனார்கள். அவர்கள் பாறையிலிருந்து விழவில்லை. பனிப் பிளவு அவர்களை விழுங்கவுமில்லை. கூடாரத்துக்குள் கார்பன் மோனாக்ஸைடு வாயுவைச் சுவாசித்து இறந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றோட்டம் போதாத இடத்தில் எரிபொருள் எரியும்போது உண்டாகி, இரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்கிறது. மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் தூக்கம் வருவதுபோல உயிர் போகும். அரசு நிறுவனங்கள் தேர்ந்தெடுத்து, சோதித்து அனுப்பிய குழுவுக்கே இது நேர்ந்தது. இன்றும் நம் குழுவினர் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் உடற்சோதனை முடித்து, உத்தராகண்டின் ஆலியில் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படையினரிடம் பனிப் பயிற்சி பெற்றபிறகே போகிறார்கள். அந்த நால்வரின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அடுத்துப் போகிறவர்களின் கூடாரத்தில் காற்று வழி திறந்திருக்கிறதா என்று கேட்பதுதான்.

இதோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய இன்னொன்று, திரும்பும் வழி. உச்சிக்குப் போகும் பாதையை வண்ணப்படமாக வரைந்து, எந்த நாளில் எந்தக் காற்றில் எந்த இடத்திலிருந்து இறங்குவோம் என்பதை எழுதாமல் விடும் திட்டம் பொய்யான திட்டம். அதில் எழுதாமல் விட்ட பக்கத்தை வேறு யாரோ நிரப்ப வேண்டியிருக்கும், பெரும்பாலும் தன் உயிரைப் பணயம் வைத்து.

2013 டிசம்பரில் என்ன நடந்தது என்று பாருங்கள். துருவ ஆய்வாளர் டக்ளஸ் மாசனின் நூறாண்டுக்கு முந்தைய பயணத்தை நினைவுகூரும் நோக்கத்தோடு ஆய்வாளர்களும் கட்டணப் பயணிகளுமாகச் சென்ற அகாடமிக் ஷோகால்ஸ்கி என்ற கப்பல் கடற்பனியில் சிக்கியது. சீனாவின் சுவேலோங் உதவிக்கு வந்து, தானும் பனியில் மாட்டிக்கொண்டது. அதன் ஹெலிகாப்டர் 52 பேரைத் தூக்கிவந்து ஆஸ்திரேலியாவின் அரோரா ஆஸ்திராலிஸ் கப்பலில் சேர்த்தது. அரோரா கேஸி நிலையத்துக்குப் பொருள் இறக்கிக்கொண்டிருந்த கப்பல். அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தது. ஒரு கோடையில்தான் நடக்கக்கூடிய ஆய்வுகள் தள்ளிப்போயின. நல்லவேளை, யாரும் சாகவில்லை. ஆனால் அந்த நல்லவேளை அங்கே எப்போதும் கிடைப்பதல்ல. அதே ஆண்டு ஜனவரியில், இத்தாலியின் ஆய்வு நிலையத்துக்கு உதவிப் பணிக்காகப் போன கனடாவின் ட்வின் ஆட்டர் விமானம் எலிசபெத் மலையில் மோதி அதிலிருந்த மூவரும் மாண்டார்கள். இந்தச் சின்ன விமானங்களும் அவற்றை ஓட்டும் இவர்களைப் போன்றவர்களும்தான் மலையேறிகள் அழைத்தால் வருகிறவர்கள்.

‘நாங்கள் மீட்புக் காப்பீடு எடுத்திருக்கிறோம்’ என்று பதில் வரும். எடுக்கத்தான் வேண்டும், காப்பீடு இல்லாதவர் கிளம்பவே கூடாது. ஆனால் காப்பீடு எரிபொருளுக்குப் பணம் கொடுக்கும், விமான வாடகைக்குப் பணம் கொடுக்கும். வெள்ளைப் புயலில் தரை எது வானம் எது என்று தெரியாமல் இறங்கும் விமானியின் பிள்ளைகளுக்கு அப்பனைத் திருப்பிக் கொடுக்காது. மைத்ரியில் குளிர்காலம் தங்கும் இருபத்தைந்து பேர் அளவிலான குழுவுக்கு ஓரிரு மருத்துவர்தான். அவர்களில் ஒருவர் வெளியாள் ஒருவருக்காகப் பனியில் இறங்கினால், உள்ளே இருப்பவர்கள் அந்த நேரத்துக்கு மருத்துவர் இல்லாமல் இருப்பார்கள். உதவி கேட்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள். மறுக்க மாட்டார்கள் என்பது தெரிந்தே அவர்களைத் தன் திட்டத்தின் ஓர் உறுப்பாக எண்ணிக்கொள்வதுதான் அறக்கேடு.

கூரத்தில் தை மாத அஸ்தத்தன்று ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் கூரத்தாழ்வானுக்குத் திருநட்சத்திரம் கொண்டாடுகிறோம். குருபரம்பரை சொல்லும் அவர் கதை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே தெரியும். பெருஞ்செல்வர். மாளிகைக் கதவு சாத்தும் ஓசை காஞ்சி வரதன் கோயில்வரை கேட்டதாம். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்கு நடக்கிறார். காட்டு வழியில் ஆண்டாள் அஞ்ச, ‘மடியில் ஏதேனும் உண்டோ’ என்று கேட்டு, அவர் அமுது செய்வதற்காக அம்மையார் எடுத்துவந்த பொன் வட்டிலை வாங்கித் தூக்கியெறிகிறார். பின்னாளில் சோழன் அவையிலிருந்து ராமானுஜருக்கு ஆபத்து வந்தபோது, ஆசாரியரின் காவியைத் தாம் உடுத்துக்கொண்டு அவருக்குப் பதிலாகப் போய் நின்று கண்களை இழந்தார். அவரோடு போன பெரிய நம்பியும் திரும்பும் வழியில் உயிர்விட்டார். தம் கண் போகக் காரணமான நாலூரானுக்கும் நற்கதி வேண்டி வரதனிடம் நின்றவர் அவர்.

அந்த மனிதர் பிறந்த மண்ணில் துணிச்சலுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. இன்னொருவர் மேல் விழவிருந்த ஆபத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டவரை நாம் ஆயிரம் ஆண்டாகக் கும்பிடுகிறோம். தன் ஆபத்தை இன்னொருவர்மேல் தள்ளுகிறவருக்கு அதே மண்ணில் மாலை போட நம்மால் முடியாது. உல்வெட்டானாவில் ஏறிய நல்ல குழுக்கள் அளவில் சிறியவை. ஒருவருக்கொருவர் ஆண்டுக்கணக்கில் கயிறு பிடித்துப் பழகியவை. எங்கே திரும்புவது என்பதை முன்பே பேசி முடித்தவர்கள்தான் அங்கே நெடுநாள் தாங்குகிறார்கள். அப்படிப் போகிறவர்களுக்கு நம் வாழ்த்து முழுமனதோடு உண்டு.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. தென்துருவப் பயணம் ஓர் ஆளுக்கே பல பத்து லட்சம் ரூபாயை விழுங்கும். நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் நகை அடகு வைத்தும், கடன் வாங்கியும், நிறுவனங்களின் வாசலில் நின்றும் அதைத் திரட்டுகிறார்கள். காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்கு முன்பணம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய கை, உடம்புக்கு முடியாத நாளிலும் தறிக் குழியில் இறங்கியாக வேண்டும். அது தீரும்வரை தறி மாற முடியாது, சில வீடுகளில் அப்பன் வாங்கியதைப் பிள்ளை நெய்து தீர்த்ததும் உண்டு. விளம்பர நிறுவனம் கொடுக்கும் தொகையும் மலையேறியின் கையில் அப்படியே உட்காருகிறது. உச்சியில் விரிக்கவேண்டிய பதாகை பையில் இருக்கிறது, படம் வர வேண்டிய தேதி ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த நிலையில் காற்று மாறினால் ‘இறங்கிவிடலாம்’ என்று சொல்லும் வாய் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் உயிர் போகிறது.

பிரிட்டனின் ஹென்றி வொர்ஸ்லி 2015 நவம்பரில் தனி ஆளாக, துணையின்றி அண்டார்க்டிகாவைக் கடக்கக் கிளம்பினார். காயமுற்ற படைவீரர்களுக்கு நிதி திரட்டும் நல்ல நோக்கம் அதில் இருந்தது. எழுபது நாளுக்குமேல் இழுத்து, முடிவுக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும்போது நகரவே முடியாமல் கூடாரத்தில் கிடந்து, பிறகு மீட்பு விமானத்தை அழைத்தார். சிலியின் புந்தா அரேனாஸ் மருத்துவமனையில் 2016 ஜனவரி 24 அன்று வயிற்றறை அழற்சியால் இறந்தார். அவர் மனத்துக்குள் நடந்ததை நாம் தீர்ப்பிட முடியாது. ஆனால் நல்ல நோக்கமும்கூட ஒருவர் காலை முன்னால் தள்ளும் என்பதை மறக்கக் கூடாது. நமக்கு இன்னும் பக்கத்தில், நெல்லூர் மாவட்டத்தின் மல்லி மஸ்தான் பாபு, 2006இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் 172 நாளில் ஏறி முடித்தவர், 2015 மார்ச்சில் ஆண்டிஸ் மலையில் தனியே ஏறப்போய்க் காணாமல் போனார். ஏப்ரல் தொடக்கத்தில்தான் உடல் கிடைத்தது. இடைப்பட்ட அந்த நாள்களில் அவர் கிராமம் எப்படிக் கிடந்திருக்கும் என்பதை ஒவ்வொரு பயணத் திட்டமும் தன் முதல் பக்கத்தில் நினைக்க வேண்டும். வீட்டாரிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிக் கிளம்புவது பொய். உண்மையைச் சொல்லி, அவர்கள் அழுதாலும் உட்கார்ந்து பேசி, கடன் யார் பெயரில் நிற்கும் என்பதையும் எழுதிவைத்துவிட்டுக் கிளம்புவதே முறை.

அங்கே வாழ்கிற உயிர்களும் இருக்கின்றன. கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டர் உள்ளே, பனிக்கு மேலே தலைநீட்டும் குயின் மாட் லேண்டின் பாறைகளில் பெட்ரல் பறவைகள் முட்டையிடுகின்றன. அந்தப் பகுதியின் ஸ்வார்தாமாரன் மலையில் பெரும் கூட்டமாக அவை கூடு கட்டுவதால், அது சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. குஞ்சுக்கு இரை தேட அவை கடல்வரை பறந்து போய்த் திரும்புகின்றன. ஏறுபவர் பிடிக்கத் தேடும் பாறை இடுக்கு, அவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் வீடு. அந்தக் குளிரில் எதுவும் மக்காது. விட்டுவந்த கயிறும், மனிதக் கழிவும், பேட்டரியும் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அப்படியே கிடக்கும். 1991இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்பாடு அந்தக் கண்டத்தை அமைதிக்கும் அறிவியலுக்குமான இயற்கைக் காப்பிடமாக அறிவித்தது. 1983இலேயே அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்த இந்தியா, அதைச் செயல்படுத்த 2022இல் தனிச் சட்டமே இயற்றியது. அனுமதியில்லாமல் இந்தியப் பயணக் குழு எதுவும் அங்கே போக முடியாது, கழிவை அங்கே விட்டுவரவும் முடியாது.

சட்டம் இருப்பது நல்லது. அதன்படி அமைந்த குழுவுக்குப் புவி அறிவியல் அமைச்சகத்தின் செயலாளர் தலைவர். பாறைச் சுவர் ஏற விண்ணப்பம் ஒன்று அந்த மேசைக்கு வரும்போது, உச்சியின் உயரத்தைப் பார்த்து வியக்காமல், இறங்கும் பாதை எங்கே எழுதியிருக்கிறது என்று தேட வேண்டும். கொண்டுபோகும் எரிபொருள் எத்தனை லிட்டர், முடங்கும் நாளுக்கு எத்தனை லிட்டர், கழிவு மூட்டைகள் எந்த விமானத்தில் திரும்பும், குழுவுக்குள்ளேயே மருத்துவம் தெரிந்தவர் யார், குழுவில் ஒருவர் கால் முறிந்தால் மற்றவர்களே அவரை அடிவாரம்வரை இறக்கிப் பழகியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். பழகவில்லை என்றால் இந்த ஆண்டு அனுமதி இல்லை என்று சொல்லும் திடம் வேண்டும். பாறை எங்கும் ஓடிவிடாது.

தமிழ்நாடு அரசுக்கும் கடமை இருக்கிறது. மலையேறிகளுக்கு இந்த அரசு நிதி கொடுத்து உதவியிருக்கிறது. அதை நாம் வரவேற்கிறோம், இன்னும் கூட்ட வேண்டும் என்றும் கேட்கிறோம். ஆனால் உச்சியைத் தொட்டவருக்கு மேடையும் பரிசும், பாதியில் திரும்பியவருக்கு மௌனமும் என்ற வழக்கம் நீடித்தால் அரசே முன்பணக்காரனாகிவிடும். அடுத்த முறை நிதி ஒதுக்கும் ஆணையில், காற்று மிஞ்சினாலோ, எரிபொருள் குறைந்தாலோ, கயிற்றில் இருக்கும் கூட்டாளி ஒருவர் ‘போதும்’ என்றாலோ திரும்பிவிடலாம், அப்படித் திரும்பியவருக்கும் தொகை ஒரு ரூபாய் குறையாமல் உண்டு என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். அந்த வரி இல்லாத ஆணையில் விளையாட்டுத் துறை கையெழுத்திடக் கூடாது.